சம்பளம், பதவி, சொந்தபந்தம்: மகிழ்ச்சிக்கு எது எவ்வளவு?

கேள்வி இதுதான்: "பத்து வருடமாகச் சம்பளம் ஏறிக்கொண்டே இருக்கிறது, பதவியும் வந்துவிட்டது. ஆனால் மனநிறைவு அந்த அளவுக்குக் கூடவில்லை. பணம் மகிழ்ச்சி தராது என்று சொல்வது உண்மையா? இனி எதில் கவனம் வைக்க வேண்டும்?"

பணம் மகிழ்ச்சி தராது என்பது உண்மையில்லை. தருகிறது, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாம் எதிர்பார்க்கும் வழியில் அது தருவதில்லை. பணத்துக்கும் பதவிக்கும் நாம் கொடுக்கும் விலை பெரும்பாலும் நேரமாகத்தான் போகிறது. அந்த நேரம் உறவுகளுக்குரிய நேரம். உங்கள் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் "மகிழ்ச்சி" என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்கள் இரண்டு தனித்தனி விஷயங்களை அளக்கிறார்கள். ஒன்று, வாழ்க்கையைப் பற்றிய மதிப்பீடு. பத்துப் படி உள்ள ஓர் ஏணியைக் கற்பனை செய்யச் சொல்வார்கள். உச்சிப்படி உங்களுக்குச் சாத்தியமான மிகச் சிறந்த வாழ்க்கை, தரை மிக மோசமான வாழ்க்கை. இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஹேட்லி கேன்ட்ரில் 1965-இல் வெளியிட்ட இந்த முறையைத்தான் உலக மகிழ்ச்சி அறிக்கை இன்றும் பயன்படுத்துகிறது. இன்னொன்று, அன்றாட உணர்வு: நேற்று சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, கோபப்பட்டீர்களா? ஏணியில் எட்டாம் படி என்று சொல்பவரின் நேற்றைய நாள் எரிச்சலிலேயே கழிந்திருக்கலாம். பணமும் பதவியும் ஏணிக் கேள்வியில் நன்றாக வேலை செய்கின்றன, அன்றாட உணர்வில் அவ்வளவாக இல்லை. "எல்லாம் இருக்கு, ஆனா ஏதோ குறையுது" என்ற புலம்பல் பிறப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

2010-இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களின் சுமார் 4.5 லட்சம் பதில்களை ஆராய்ந்தார்கள். ஆண்டுக் குடும்ப வருமானம் 75,000 டாலரைத் தாண்டியபின் அன்றாட உணர்வு மேம்படவில்லை, ஏணி மதிப்பீடு மட்டும் ஏறிக்கொண்டே போனது என்றார்கள். அந்த 75,000 என்ற எண் உலகம் முழுக்கப் பரவியது. 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் வேறு முறையில் அளந்தார். 33,000-க்கும் மேற்பட்டவர்களின் செல்பேசிக்கு நாளின் வெவ்வேறு நேரங்களில் "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்ற கேள்வி போனது. அதில் வருமானம் கூடக் கூட உணர்வும் மேம்பட்டுக்கொண்டே இருந்தது, எந்த இடத்திலும் நிற்கவில்லை.

அடுத்து நடந்தது ஆராய்ச்சி உலகில் அபூர்வம். மாறுபட்ட முடிவு சொன்ன கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும், நடுவராக பார்பரா மெல்லர்ஸும் சேர்ந்து உட்கார்ந்து தரவைத் திரும்ப ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் உயர்கிறது. ஆனால் மகிழ்ச்சி மிகக் குறைவாக உள்ள 15 முதல் 20 சதவீதத்தினருக்கு, சுமார் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியபின் பணம் உதவுவது நின்றுவிடுகிறது. இழப்பு, மனச்சோர்வு, உடைந்த உறவு என அவர்களின் துயரம் பணம் தொடமுடியாத வகையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். பணம் துன்பத்தின் ஒரு பகுதியைத்தான் துடைக்கும். அந்தப் பகுதி துடைக்கப்பட்டபின் மிஞ்சுவது வேறு கணக்கு.

அளவையும் பாருங்கள். வருமானம் நான்கு மடங்காகும்போது அன்றாட உணர்வில் வரும் மாற்றம், வேலை நாளுக்கும் வார இறுதி நாளுக்கும் உள்ள வித்தியாசத்துக்குச் சமம் என்று அதே ஆய்வு ஒப்பிடுகிறது. ஒரு தலைவலி ஏற்படுத்தும் பாதிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொன்று, இங்கே கூட்டல் கணக்கு செல்லாது, பெருக்கல் கணக்குதான். 20 என்பது 40 ஆவதும் 100 என்பது 200 ஆவதும் மனதுக்கு ஏறக்குறைய ஒரே படி. முதல் படிக்கு 20 போதும், இரண்டாவதற்கு 100 வேண்டும். அந்த 100-ஐச் சம்பாதிக்கத் தினமும் மூன்று மணி நேரம் கூடுதலாகப் போனால், மேலே எவ்வளவு ஏறினீர்கள், கீழே எவ்வளவு இறங்கினீர்கள் என்று இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

"லாட்டரி அடித்தவரும் விபத்தில் முடங்கியவரும் கொஞ்ச நாளில் ஒரே அளவு மகிழ்ச்சிக்குத் திரும்பிவிடுவார்கள்" என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். இது 1978-இல் வந்த ஓர் ஆய்வைத் தவறாகச் சொல்வது. அதில் லாட்டரி வென்றவர்கள் வெறும் 22 பேர், விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் 29 பேர். மகிழ்ச்சிக்கு ஐந்துக்கு எத்தனை என்று போட்ட மதிப்பெண்ணில், வென்றவர்களின் சராசரி 4.00, இரண்டிலும் சேராத சாதாரண ஆட்களுடையது 3.82, முடங்கியவர்களுடையது 2.96. ஒரே அளவு இல்லவே இல்லை. 2020-இல் ஸ்வீடனில் லாட்டரிப் பரிசு பெற்றவர்களை வைத்துப் பெரிய அளவில் நடந்த ஆய்வில், பெரிய பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுக்குப் பிறகும் உயர்ந்தே இருந்தது. அன்றாட மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் கிடைத்த ஆதாயம் அதைவிடச் சிறியது. இங்கும் அதே இடைவெளிதான்.

பணம் எப்படி உதவுகிறது? பெரும்பாலும் கேடயமாக. கரும்பு பயிரிடும் விவசாயிகளிடம் அறுவடைக்கு முன் கை வறண்ட நேரத்திலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் சிந்தனைத் திறன் சோதனை நடத்தினார்கள். 2013-இல் முடிவு வெளிவந்தது. அதே ஆட்கள்தான், அறுவடைக்கு முன் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். கையில் காசு இல்லாத கவலை மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மனைவியிடம் சள்ளென்று விழுவதும், பிள்ளை கேட்ட கேள்வி காதில் விழாமல் போவதும் அந்த நெருக்கடியின் பக்கவிளைவுகள்.

எனவே மொத்தச் சொத்து மதிப்பைவிட, உடனே எடுக்கக்கூடிய ரொக்கம்தான் நிம்மதிக்கு நெருக்கமானது. பிரிட்டனில் ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களிடம் நடந்த ஆய்வில், வருமானம், முதலீடு, கடன் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், கணக்கில் உள்ள இருப்புக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் தொடர்பு இருந்தது. நடைமுறையில் ஒரு மாதச் செலவுக்கான தொகையை முதலில் தனிக் கணக்கில் சேருங்கள். அது சேர்ந்ததும் வட்டி அதிகமான கடனை அடையுங்கள். அதன்பின் அந்த இருப்பை மூன்று முதல் ஆறு மாதச் செலவு அளவுக்கு உயர்த்துங்கள். வழக்கமாகத் தவறு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, சேமிப்பு முழுவதும் வீடாகவும் நிலமாகவும் உட்கார்ந்துவிடும். கோடி ரூபாய் சொத்து இருக்கும், ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டக் கடன் வாங்குவார்கள். இரண்டு, சம்பள உயர்வு வரும் முன்பே அதை நம்பித் தவணை தொடங்கிவிடும். உயர்வு உறுதியானதும், முதல் மாதச் சம்பளம் வரும் முன்னரே, கூடுதல் தொகையில் பாதி தானாகவே சேமிப்புக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். கையில் வந்து பழகிவிட்ட பணத்தைப் பிரிப்பது கடினம்.

செலவிலும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பெரிய வீட்டுக்காக ஊருக்கு வெளியே போய் தினமும் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்பவர்கள் உண்டு. வீட்டின் கூடுதல் அறை சில மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். பயணம் பழகாது, ஏனென்றால் அது ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி கெடும்: இன்று நெரிசல், நாளை மழை. அலாய்ஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃப்ரேயும் 2008-இல் ஜெர்மனித் தரவை வைத்து இதைக் காட்டினார்கள். நீண்ட பயணத்துக்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ கிடைத்தும், பயணம் செய்பவர்களின் திருப்தி குறைவாகவே இருந்தது. பிடிக்காத வேலையை ஆள் வைத்துச் செய்து நேரத்தை வாங்குவது, பிறருக்காகச் செலவிடுவது, இந்த இரண்டும் சோதனைகளில் நல்ல பலன் தந்திருக்கின்றன.

அந்தஸ்துக்கு வருவோம். இதை நம் ஆட்கள் வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படுவார்கள், ஆனால் மனதை அதிகம் அரிப்பது இதுதான். கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்கள் சிலருக்கு, சக ஊழியர்களின் சம்பளத்தை எந்த இணையதளத்தில் பார்க்கலாம் என்று ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். தம் பிரிவின் நடுச் சம்பளத்தைவிடக் குறைவாக வாங்குகிறோம் என்று அறிந்தவர்களுக்கு வேலைத் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. அதிகம் வாங்குகிறோம் என்று அறிந்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியதா? இல்லை. ஒப்பீடு ஒருபக்கமாகவே வெட்டும் கத்தி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகபாவங்களை ஆராய்ந்தபோது, வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்கள் மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் கைநழுவிய தங்கத்தைப் பார்க்கிறார், வெண்கலக்காரர் பதக்கமே இல்லாமல் போயிருக்கக்கூடிய நிலையைப் பார்க்கிறார்.

ஆனாலும் அந்தஸ்து வெறும் மாயை என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில், அடிமட்டப் பதவியில் இருந்த ஆண்களின் இறப்பு விகிதம் உச்சப் பதவியில் இருந்தவர்களைவிட சுமார் 3 மடங்கு. எல்லோரும் நிரந்தர வேலையில் இருந்தவர்கள், எல்லோருக்கும் அரசு மருத்துவம் உண்டு. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் 10,308 பேரோடு தொடங்கிய இரண்டாம் ஆய்வு காரணங்களைத் தேடியது. புகைப்பழக்கம் போன்றவை ஒரு பகுதியைத்தான் விளக்கின. முக்கியமான இன்னொன்று, தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது: எதை எப்போது எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை. அதனால் பதவி உயர்வு வரும்போது "எவ்வளவு கூடும்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். என் நேரத்தை நான் தீர்மானிக்க முடியுமா, யாரோடு வேலை செய்வது என்பதில் எனக்குச் சொல் உண்டா, இரவு பத்து மணிக்கு வரும் அழைப்பை நாளை பேசிக்கொள்ளலாம் என்று தள்ளமுடியுமா? மூன்றுக்கும் பதில் "இல்லை" என்றால், அது உயர்வு என்ற பெயரில் வரும் சுமை.

கேமரூன் ஆண்டர்சனும் சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சமூகத்தில் வருமானம், படிப்பு ஆகியவற்றால் வரும் நிலையைவிட, நேருக்கு நேர் பழகும் சின்ன வட்டத்தில் கிடைக்கும் மரியாதைதான் மகிழ்ச்சியோடு நெருக்கமாகத் தொடர்பு கொண்டது. ஊருக்குத் தெரியும் பெரிய ஆள் என்பதைவிட, பத்துப் பேர் உள்ள குழுவில் "இவரைக் கேட்டால் சரியாகச் சொல்வார்" என்று நம்பப்படுவது மனதுக்கு உரம். இதைக் கணக்கிட எளிய வழி உண்டு: நீங்கள் இரண்டு வாரம் வராவிட்டால், எந்தக் குழுவில் யாராவது போன் பண்ணிக் கேட்பார்கள்? அப்படி ஒரு குழுவாவது அலுவலகத்துக்கு வெளியே வேண்டும். விளையாட்டு, வாசிப்பு, தொண்டு, பாட்டு, எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே உங்களுக்கென்று ஒரு பொறுப்பு இருக்க வேண்டும், வந்து உட்கார்ந்துவிட்டுப் போவது போதாது. மரியாதையின் மொத்தப் பாரத்தையும் வேலையின் மேல் ஏற்றியவர்களுக்கு வேலை போகும்போது நடப்பதைப் பாருங்கள். ஜெர்மனியில் ஒரே ஆட்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், வேலை இழந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி, மறுபடி வேலை கிடைத்த பின்னும் சராசரியாகப் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. போனது சம்பளம் மட்டுமென்றால், திரும்பியிருக்க வேண்டும்.

உறவுகளைப் பற்றிய சான்றுகள்தான் இருப்பதிலேயே கனமானவை. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 2010-இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. உறவுப் பிணைப்பு வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம். ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி 724 ஆண்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 80 வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார் என்பதை, 50 வயதில் எடுத்த கொலஸ்ட்ரால் அளவைவிட, உறவுகளில் அப்போது இருந்த திருப்தி நன்றாகக் கணித்தது. ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: மகிழ்ச்சியானவர்களுக்கு நண்பர்கள் எளிதாகச் சேர்கிறார்கள், ஆகவே காரணமும் விளைவும் இரு திசையிலும் ஓடும். கல்யாணம் தானாக எதையும் தந்துவிடுவதில்லை. மேலே சொன்ன ஜெர்மனித் தரவிலேயே, திருமணத்தை ஒட்டி உயரும் திருப்தி சுமார் இரண்டு ஆண்டில் சராசரியாகப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. துணையை இழந்தவர்கள் மீள்வதற்கோ ஏழெட்டு ஆண்டுகள் ஆயின.

எனவே உறவு "இருக்கிறது" என்பதைவிட, அதற்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. கஷ்டத்தில் துணை நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஷெல்லி கேபிளின் ஆய்வுகள் யாரும் கவனிக்காத பக்கத்தைக் காட்டின: நல்ல செய்திக்கு எப்படிப் பதில் சொல்கிறோம் என்பது. மனைவி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறார். "என்னங்க, என்னை டீம் லீடராப் போட்டுட்டாங்க" என்கிறார். கணவரிடமிருந்து நான்கு வகைப் பதில் வரலாம். செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம், நல்லது" என்பது ஒன்று. "எனக்கு இன்னைக்கு ஆபீஸ்ல என்ன ஆச்சு தெரியுமா?" என்று பேச்சைத் தன் பக்கம் இழுப்பது இன்னொன்று. "இனிமே வீட்டுக்கு வர எத்தனை மணி ஆகும்? வேலையை ஏத்துவாங்க, சம்பளத்தை ஏத்துவாங்களா?" என்று குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது மூன்றாவது. நான்காவது, போனைக் கீழே வைத்துவிட்டு, "அட! யாரு சொன்னா? எப்படிச் சொன்னாங்க? உட்காரு, முதல்ல இருந்து சொல்லு" என்பது. உறவை வளர்ப்பது இந்த நான்காவது மட்டும்தான். மற்ற மூன்றும் தேய்க்கின்றன. மூன்றாவது பெரும்பாலும் அக்கறையிலிருந்துதான் வருகிறது, அதுதான் வருத்தம். அந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனால் அவற்றுக்கு நேரம் மறுநாள். முதல் பத்து நிமிடம் அவருடைய மகிழ்ச்சிக்கு.

நட்புக்கும் கணக்கு இருக்கிறது. ஜெஃப்ரி ஹால் 2018-இல் கண்டது: அறிமுகம் சாதாரண நட்பாக சுமார் 50 மணி நேரம், நண்பராக 90 மணி, நெருங்கிய நண்பராக 200 மணிக்கும் மேல். சேர்ந்து வேலை செய்யும் நேரம் இதில் அவ்வளவாகச் சேராது, சும்மா பேசிச் சிரித்துச் சுற்றும் நேரம்தான் எண்ணிக்கைக்கு வரும். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 200 மணிக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். நாற்பது வயதுக்கு மேல் புது நண்பர்கள் கிடைப்பதில்லை என்று குறைப்படுபவர்களுக்குக் குறைவது பெரும்பாலும் இந்த மணிக்கணக்கு. பழைய நட்பைப் புதுப்பிப்பது இதைவிட மலிவு, அந்த மணிகள் ஏற்கெனவே செலவாகிவிட்டன. "இத்தனை வருடம் கழித்துப் பேசினால் என்ன நினைப்பாரோ" என்ற தயக்கம் வேண்டாம். எதிர்பாராமல் வந்த ஒரு சின்ன விசாரிப்பை, அனுப்பியவர் நினைத்ததைவிடப் பெற்றவர் அதிகம் மதிக்கிறார் என்று 2022-இல் வந்த பல சோதனைகள் காட்டின. ஆனால் "நேரம் கிடைக்கும்போது பேசலாம்" என்று விட்டால் நடக்காது. வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், ஒரு பெயர் என்று நாள்காட்டியில் போடுங்கள்.

பணமும் உறவும் முட்டும் இடத்தில் இரண்டு விஷயம். சொந்தக்காரருக்குக் கடன் கொடுத்தால் உறவு முறிவது பெரும்பாலும் பணம் வராததால் அல்ல. வாங்கியவர் கூச்சத்தில் கண்ணில் படாமல் ஒதுங்க ஆரம்பிப்பார், கொடுத்தவர் அதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்வார், அங்கேயே முடிந்தது. திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். தேதியையும் தவணையையும் அன்றே இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். தேதி தவறினால், மூன்றாம் ஆளிடம் சொல்வதற்கு முன் நீங்களே கூப்பிட்டு "இன்னும் ரெண்டு மாசம் எடுத்துக்கோங்க" என்று கதவைத் திறந்து வையுங்கள். கணவன் மனைவிக்குள், மாதம் ஒருமுறை அரைமணி நேரம் பணம் பேச ஒதுக்குங்கள். பில் வந்த அன்றோ, தூங்கப் போகும் நேரத்திலோ வேண்டாம். இருவருக்கும் கேள்வி கேட்கப்படாமல் செலவழிக்க ஒரு சிறு தொகை தனியாக இருக்கட்டும்.

உங்கள் நிலைக்கு எது முதலில்? வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கே வருமானம் போதவில்லை என்றால் தயங்காமல் பணத்தைத் தேடுங்கள். அந்தக் கட்டத்தில் உறவுக்கும் அதுதான் மருந்து. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஆகவே ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு காலையும், நேற்றைய நாளை எழுந்ததிலிருந்து படுத்தது வரை துண்டுகளாகப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை நிமிடம், யாரோடு, மனநிலை பத்துக்கு எத்தனை என்று போடுங்கள். கானமன் குழு 2004-இல் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் இப்படித்தான் அளந்தது. நெருக்கமானவர்களோடு கழித்த நேரம் மேலேயும், வேலைக்குப் போய்வரும் பயணமும் வேலையும் அடியிலும் வந்தன. ஏழு நாள் கழித்துக் கூட்டிப் பாருங்கள். எட்டுக்கு மேல் மதிப்பெண் போட்ட நேரம் வாரத்தில் எத்தனை மணி? அது ஐந்து மணிக்கும் குறைவு என்றால், அடுத்த சம்பள உயர்வைவிட, குறைந்த மதிப்பெண் போட்ட துண்டுகளில் ஒன்றைக் குறைப்பதுதான் லாபம். முதலில் பயணத்தைப் பாருங்கள், அடுத்து இரவு வேலையை.

ஒருவேளை யாரோடு இருந்தாலும், என்ன செய்தாலும், எல்லாத் துண்டுக்கும் இரண்டு மூன்று என்றே மதிப்பெண் விழுந்தால், தூக்கமோ பசியோ மாறியிருந்தால், முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடினால், பணம், பதவி, உறவு எதையும் சரிசெய்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, பெரும்பாலும் பலனும் உண்டு. அந்த ஏழு நாள் தாளை எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போங்கள், அவருக்கும் அது உதவும்.